கறுப்புக் கல் விண்கல்லா? நான்கு வழிகளில் எதைத் தேர்வது

"கறுப்பாக இருக்கிறது, அளவுக்கு மீறிக் கனக்கிறது, காந்தம் ஒட்டுகிறது. விண்கல்தானே?" என்று கேட்பவர்கள் நிறைய. ஆனால் அவர்கள் திண்டாடுவது அடுத்த படியில்தான். வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பதா? படம் எடுத்து விவரம் தெரிந்தவருக்கு அனுப்புவதா? காசு கொடுத்துத் தனிமப் பரிசோதனை செய்வதா? இல்லை, நேராகப் பல்கலைக்கழகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ தூக்கிக்கொண்டு போவதா?

ஒப்பிடும் முன் ஒரு கணக்கு. மெல்போர்ன் அருங்காட்சியகத்தின் புவியியலாளர் டெர்மட் ஹென்றி 37 ஆண்டுப் பணியில் ஆயிரக்கணக்கான கற்களைப் பார்த்தவர். விண்கல் என்று நம்பி மக்கள் அவரிடம் கொண்டுவந்தவற்றில் உண்மையான விண்கற்கள் இரண்டே இரண்டு. உங்கள் கல்லும் பெரும்பாலும் இரும்பை உருக்கும்போது மிஞ்சும் கசடாகவோ, இரும்புத் தாதுவாகவோ, கரிய எரிமலைப் பாறையாகவோதான் இருக்கும். இதைச் சொல்வது மனதை உடைக்க இல்லை. எந்த வழியை முதலில் எடுப்பது என்பதே இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் "இல்லை" என்ற பதில்தான் வரப்போகிறது என்றால், அந்த "இல்லை"யை செலவில்லாமல் சீக்கிரம் சொல்லும் வழிக்குத்தான் முதல் இடம்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

ஒன்று, அந்த வழி சொல்லும் "இல்லை"யை எவ்வளவு நம்பலாம், "ஆம்" என்பதை எவ்வளவு நம்பலாம் என்பது. இவை இரண்டும் வேறு வேறு. கசடைக் கசடு என்று அடித்துச் சொல்லும் ஒரு சோதனை, விண்கல்லை விண்கல் என்று சொல்ல லாயக்கில்லாததாக இருக்கலாம்.

இரண்டு, கல்லுக்கு ஆகும் சேதம். அறுத்ததை ஒட்ட முடியாது. அமிலத்தில் போட்டதை மீட்க முடியாது.

மூன்று, செலவு. பணம் மட்டும் இல்லை. காத்திருக்கும் மாதங்கள், கல்லிலிருந்து கொடுக்க வேண்டிய துண்டு, கூரியரில் தொலைந்துவிடுமோ என்ற பயம் எல்லாம் இதில் சேரும்.

நான்கு, கிடைக்கும் பதிலை யார் ஏற்றுக்கொள்வார்கள் என்பது. உங்கள் ஆசை தீர்ந்தால் போதுமா, வாங்குபவர் நம்ப வேண்டுமா, அறிவியல் பதிவேட்டில் ஏற வேண்டுமா?

| வழி | "இல்லை" என்றால் | "ஆம்" என்றால் | கல்லுக்குச் சேதம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| வீட்டுச் சோதனை | பெரும்பாலும் நம்பலாம் | நம்ப முடியாது | மூலையில் சிறு உரசல் | பலமான காந்தம் கல்லின் பழைய காந்தப் பதிவை அழிக்கும் |
| படம் அனுப்புதல் | கசடு, தாது என்றால் நம்பலாம் | முடியாது | இல்லை | ஆர்வக்கோளாறுப் பதில்கள், வாங்க நினைப்பவரின் தந்திரம் |
| எக்ஸ்-கதிர்த் தனிமச் சோதனை | இரும்புத் துண்டுக்கு நம்பலாம் | ஓரளவு | அநேகமாக இல்லை | மேற்பரப்பை மட்டும் பார்க்கும், எண்களைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும் |
| ஆய்வக வகைப்படுத்தல் | முழுதாக நம்பலாம் | முழுதாக நம்பலாம் | அறுக்க வேண்டும் | கல்லில் ஒரு பங்கு போகும், மாதக்கணக்கில் காத்திருப்பு |

## விழுந்ததைப் பார்த்தீர்களா?

தீக்கோளத்தைப் பார்த்து, இடி போன்ற சத்தம் கேட்டு, மறுநாள் முற்றத்தில் புதிய கல்லைக் கண்டெடுத்தவர் என்றால் வீட்டுச் சோதனை வேண்டாம். நேரே நான்காம் வழிக்குப் போங்கள். 2021 பிப்ரவரி 28 இரவு இங்கிலாந்தின் வின்ச்கோம்ப் ஊரில் ஒரு வீட்டு வாசலில் விழுந்த கல் மறுநாள் காலையிலேயே சேகரிக்கப்பட்டது. அது கார்பன் மிகுந்த அரிய வகை. அதற்குள் இருந்த நீர் பூமியின் நீரை ஒத்திருந்ததை ஆய்வாளர்களால் கண்டறிய முடிந்ததற்கு, பூமியின் ஈரமும் அழுக்கும் ஏறுவதற்குள் கல் கைக்கு வந்தது ஒரு பெரிய காரணம்.

அப்படிப்பட்ட கல்லைக் கழுவக் கூடாது, வெறுங்கையால் தொடக் கூடாது, காந்தத்தை அருகில் கொண்டுபோகக் கூடாது. கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். விண்வெளிக் கதிர்வீச்சால் அதற்குள் உண்டான சில கதிரியக்க அணுக்கள் நாள்கணக்கில் சிதைந்து காணாமல் போய்விடும். அவசரம் அதனால்தான்.

ஒரு கிளைச் செய்தி: "தொட்டேன், கை சுட்டது" என்று சொல்லப்படும் கதைகள் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. காற்றில் உருகுவது மேல்தோல் மட்டும்தான், அதுவும் சில விநாடிகளுக்கு. கடைசிப் பல கிலோமீட்டர் தூரம் கல் சாதாரண வேகத்தில் குளிர்ந்த காற்றினூடே விழுகிறது. உட்புறமோ விண்வெளிக் குளிரிலேயே இருக்கிறது.

## வழி 1: வீட்டிலேயே சோதிப்பது

எல்லோரும் காந்தத்தில் தொடங்குகிறார்கள், பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். விழும் விண்கற்களில் பெரும்பான்மை காண்ட்ரைட் என்ற கல் வகை. அதில் இரும்பு-நிக்கல் உலோகத் துகள்கள் கலந்திருப்பதால் காந்தம் இழுக்கும். ஆனால் மக்னடைட் தாதுவும் இழுக்கும், கசடும் இழுக்கும், பழைய இரும்புத் துண்டும் இழுக்கும். ஆக, காந்தம் ஒட்டாவிட்டால் ஓரளவு தெளிவு கிடைக்கிறது, ஒட்டினால் ஒன்றும் தெரியவில்லை. ஒட்டாவிட்டாலும் ஒரு ஓட்டை உண்டு. நிலவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்த கற்களில் உலோகம் சொற்பம், பெரும்பாலும் காந்தத்தைக் கண்டுகொள்ளாது.

பலமான நியோடிமியம் காந்தத்தைக் கல்லில் ஒட்டிப் பார்க்காதீர்கள். செவ்வாய்க் கல்லான என்டபிள்யூஏ 7034, "பிளாக் பியூட்டி" என்ற செல்லப் பெயர் கொண்டது. அதன் சில பகுதிகள் 440 கோடி ஆண்டுப் பழமையானவை. செவ்வாயின் பழைய காந்தப்புலத்தின் தடம் அதில் பதிந்திருந்திருக்கலாம். அதோடு சேர்ந்து கிடைத்த கற்களைச் சோதித்து 2023-ல் வெளியான ஆய்வில், விண்கல் வேட்டைக்காரர்களும் வியாபாரிகளும் ஒட்டிப் பார்த்த கைக் காந்தமே அந்தத் தடத்தை அழித்துவிட்டது தெரியவந்தது. சாதாரணத் திசைகாட்டியைக் கல்லருகே கொண்டுபோய் ஊசி அசைகிறதா என்று பாருங்கள், போதும்.

அடுத்தது கோடு. மெருகு பூசாத பீங்கானில், அதாவது தரை ஓட்டின் பின்புறத்தில், கல்லை அழுத்தி இழுங்கள். செங்கல் நிறக் கோடு விழுந்தால் ஹெமடைட் என்ற இரும்புத் தாது. கரிய கோடு விழுந்தால் மக்னடைட். புதிய விண்கல் கோடே போடாது, போட்டாலும் மங்கிய சாம்பல். துருப்பிடித்த பழைய விண்கல் பழுப்பாய்க் கோடு போடக்கூடும் என்பதால், முடிந்தால் உள்பகுதியை உரசிப் பாருங்கள்.

மூன்றாவது அடர்த்தி. எனக்குப் பிடித்த சோதனை இதுதான், ஒரு மின்னணுத் தராசு போதும். முதலில் கல்லை உலர்வாக எடை போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, காட்டும் எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல், முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன சென்டிமீட்டர் அளவு. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி. சாதாரணப் பாறைகள் 2.6 முதல் 3.0 வரை வரும். சாதாரண காண்ட்ரைட் 3.2 முதல் 3.7 வரை. தூய ஹெமடைட்டும் மக்னடைட்டும் 5-ஐத் தாண்டும். இரும்பு விண்கல் 7.5-க்கு மேல். 4 முதல் 6.5 வரை வந்தால், மிக அரிதான கல்-இரும்புக் கலவை வகையை விட்டால், கையில் இருப்பது தாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு கண். விண்கல்லின் மேல் உருகிய தோல் இருக்கும். கறுப்பாக, பளபளப்பில்லாமல், ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத தடிமனில், முட்டையோடு போல. சில கற்களில், பிசைந்த களிமண்ணில் கட்டைவிரலால் அழுத்தினாற்போலக் குழிகள் தெரியும். குழி வேறு, பொத்தல் வேறு. சிறு சிறு காற்றுப் பொத்தல்கள் இருந்தால் கசடு அல்லது எரிமலைப் பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் படிகக் கல் பதிந்திருந்தாலும், அடுக்கடுக்காக வரி ஓடினாலும் விண்கல் இல்லை.

என் மேசையில் ஒரு கல் இருக்கிறது. பழைய தண்டவாளம் ஒன்றின் ஓரத்தில் எடுத்தது, 412 கிராம். திசைகாட்டி ஊசி திரும்பியது. கோடு விழவில்லை. தண்ணீரில் தராசு 128 காட்டியது, அடர்த்தி 3.2. மூன்றிலும் பாஸ்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் ஒரு மூலையை அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் வழித்து, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். வெள்ளியாய் ஒரு புள்ளி மின்னியது, ஒரு நிமிடம் மூச்சே நின்றது. அதற்கு ஒரு மயிரிழை தள்ளி, ஊசி குத்தினாற்போல ஓர் உருண்டைப் பொத்தல். அதன் உள்சுவர் கண்ணாடி போல வழவழப்பு. சுற்றிலும் பார்த்தால் அப்படி இன்னும் ஏழெட்டு. கசடு. உருக்கும்போது பிரியாமல் நின்ற இரும்புச் சொட்டுதான் அந்த வெள்ளிப் புள்ளி.

இந்த "ஜன்னல்" தேய்ப்புதான் வீட்டுச் சோதனைகளில் தலையானது. காண்ட்ரைட்டில் வெள்ளி நிறத் துகள்கள் கல் முழுக்க உப்பு தூவியதுபோலப் பரவியிருக்கும். ஒன்றிரண்டு புள்ளி போதாது. கூடவே மில்லிமீட்டர் அளவில் உருண்டைத் துகள்கள் தென்பட்டால் காண்ட்ரூல்கள். சூரியக் குடும்பம் உருவான காலத்தில் உருகி உறைந்த துளிகள், சுமார் 456 கோடி வயது. அவை தெரிந்தால் உட்காருங்கள், மூச்சு விடுங்கள், அடுத்த வழிக்குப் போங்கள்.

எப்போது இது சரியான தேர்வு: வயலிலோ ஆற்றங்கரையிலோ பொறுக்கிய, விழுந்த நேரம் தெரியாத எந்தக் கல்லுக்கும். கிட்டத்தட்ட எல்லோருக்கும்.

## வழி 2: படம் எடுத்து அனுப்புவது

இலவசம், சேதம் கிடையாது. பழகிய கண்ணுக்குக் கசடையும் தாதுவையும் ஒதுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் எந்த நேர்மையான நிபுணரும் படத்தைப் பார்த்து "ஆம்" என்று சொல்ல மாட்டார். "இன்னும் பார்க்கலாம்" என்பதுதான் அவர் சொல்லக்கூடிய மிக நல்ல பதில். அதைக் கேட்டாலே குதிக்கலாம்.

மறைந்த செலவு இரண்டு. பலர் கூடும் இடத்தில் படத்தைப் போட்டால், நாலு பேர் "அருமையான விண்கல்" என்பார்கள், நாலு பேர் கேலி செய்வார்கள், இரண்டுமே பயன்படாது. இன்னொன்று, பதில் சொல்பவரே வாங்க விரும்புபவராக இருக்கலாம். "சாதாரணக் கல்தான், இருந்தாலும் நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த "இருந்தாலும்" எதற்கு என்று கேளுங்கள்.

படம் பகல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், கல் நனையக் கூடாது, பக்கத்தில் ஓர் அளவுகோல் வேண்டும். எல்லாப் பக்கமும், தேய்த்த ஜன்னல் கிட்டத்தில் தனியாக. கூடவே எடை, அடர்த்தி, கோட்டின் நிறம். இந்த மூன்று விவரங்கள் இல்லாத படத்துக்கு யாரும் அக்கறையாகப் பதில் எழுதுவதில்லை. ஆக, முதல் வழியைச் செய்யாமல் இரண்டாவதுக்கு வருவதில் அர்த்தமில்லை.

## வழி 3: எக்ஸ்-கதிர்த் தனிமச் சோதனை

துப்பாக்கி போலிருக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியைக் கல்லில் வைத்து அழுத்தினால், சில விநாடிகளில் எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்று பட்டியல் வரும். பழைய உலோகம் வாங்குபவர்கள், தங்கம் மதிப்பிடுபவர்கள் கையில் இது இருக்கும். பட்டியலைப் பார்த்தால் அறிவியல் போலவே இருக்கும். அங்கேதான் ஆபத்து.

முழு உலோகத் துண்டாக இருந்தால் இது மிக நல்ல சோதனை. இரும்பு விண்கற்களில் நிக்கல் 5 சதவீதத்துக்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். உங்கள் துண்டில் வெறும் இரும்பும் மாங்கனீசும் வந்து நிக்கல் இல்லை என்றால், அது மனிதர் வார்த்த இரும்பு, கதை முடிந்தது. நிக்கலோடு குரோமியமும் தாராளமாக வந்தால் எவர்சில்வர் உருக்கு. நிக்கல், கொஞ்சம் கோபால்ட், குரோமியம் அநேகமாகப் பூஜ்ஜியம் என்று வந்தால் விஷயம் சூடு பிடிக்கிறது. அப்போது வெட்டி மெருகிட்டு அமிலம் தடவினால் விட்மான்ஸ்டேட்டன் வடிவம் எனப்படும் குறுக்கு நெடுக்குக் கோடுகள் தெரியலாம். உலோகம் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில டிகிரி முதல் சில ஆயிரம் டிகிரி வரையிலான வேகத்தில் குளிர்ந்தால்தான் அந்தக் கோடுகள் வளரும். எந்த உலையாலும் அதைப் போலி செய்ய முடியாது. ஆனால் வெட்டும் வேலையை ஆய்வகத்துக்கு விடுங்கள்.

கல்லுக்கு வந்தால் இந்தக் கருவி தடுமாறுகிறது. உலோகத்துக்கென்று அளவு திருத்திய கருவியைப் பாறையில் வைத்தால் எண்கள் தாறுமாறாக வரும். அதோடு மேற்பரப்பை மட்டும் தொடுவதால், ஒட்டிய மண்ணையும் துருவையும் சேர்த்து அளக்கும். சரியாக அளந்தால் சாதாரண காண்ட்ரைட்டில் நிக்கல் சுமார் 1 முதல் 1.8 சதவீதம். பூமியின் சாதாரணப் பாறைகள் அந்த அளவை எட்டுவதில்லை. நிலவுக் கல்லிலோ செவ்வாய்க் கல்லிலோ நிக்கலைத் தேடிப் பயனில்லை. அவற்றில் இரும்புக்கும் மாங்கனீசுக்கும் உள்ள விகிதத்தை நிபுணர்கள் பார்ப்பார்கள், அது அச்சிட்ட சீட்டில் தானாக வராது.

அந்தச் சீட்டு சான்றிதழ் இல்லை. "இரும்பு 40 சதவீதம்" என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி விண்கல் என்று விற்க வருபவரிடம், ஹெமடைட்டில் அதைவிட அதிகம் இருக்குமே என்று சொல்லலாம்.

எப்போது இது சரி: கையில் இருப்பது உலோகக் கட்டி, அடர்த்தி 7.5-க்கு மேல், துருவுக்கு அடியில் பளபளப்பு. இந்த ஒரு சூழலில் மட்டும் இரண்டாம் வழியைத் தாண்டி நேரே இங்கே வரலாம்.

## வழி 4: ஆய்வக வகைப்படுத்தல்

"ஆம்" என்று சொல்லும் உரிமை இதற்கு மட்டும்தான். கல்லை வைர வாளால் அறுத்து, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்கு, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எலக்ட்ரான் கற்றையால் ஒவ்வொரு கனிமத்தின் கலவையையும் அளப்பார்கள். விண்கல் என்று உறுதியானால் சர்வதேச விண்கல் சங்கத்தின் பெயரிடல் குழுவுக்கு விவரம் போகும், கண்டெடுத்த இடத்தின் பெயரிலேயே கல்லுக்குப் பெயர் கிடைக்கும்.

பலருக்குத் தெரியாத செலவு இங்கே இருக்கிறது. அதிகாரப்பூர்வப் பெயர் வேண்டுமானால், கல்லின் எடையில் 20 சதவீதமோ 20 கிராமோ, எது குறைவோ அது, ஓர் அங்கீகரித்த சேகரிப்பில் நிரந்தரமாக இருக்க வேண்டும். 50 கிராம் கல்லில் 10 கிராம் போய்விடும். பெரிய கல் வைத்திருப்பவருக்கு 20 கிராம் ஒன்றுமே இல்லை. அப்புறம் காத்திருப்பு. ஆய்வாளர்களுக்கு இது சொந்த ஆராய்ச்சிக்கு நடுவே செய்யும் வேலை. கசடு மூட்டைகளைப் பார்த்துச் சலித்துப்போய், பொதுமக்கள் கொண்டுவரும் கற்களை வாங்குவதையே நிறுத்திவிட்ட இடங்களும் உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்காமல் கல்லை அனுப்பாதீர்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பொதுவாக நிலம் யாருடையதோ கல்லும் அவருடையது. டென்மார்க்கில் அரசிடம் ஒப்படைக்க வேண்டும், சன்மானம் தருவார்கள். நாட்டுக்கு நாடு மாறும் விஷயம் இது. எல்லை தாண்டி அனுப்பும் முன் விசாரிக்கத்தான் வேண்டும்.

இந்த வழியைத் தள்ளிப்போட்டதால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கதைகள். அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு வீட்டில் 10 கிலோ கல் ஒன்று 30 ஆண்டுகள் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. 2018-ல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனபோது அது எட்மோர் என்ற இரும்பு விண்கல் என்று தெரிந்தது. கல்லுக்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்திரேலியாவின் மேரிபரோவில் 2015-ல் 17 கிலோ கல்லைக் கண்டெடுத்தவர் உள்ளே தங்கம் இருக்கிறது என்று நம்பினார். அறுத்தார், துளைத்தார், அமிலத்தில் போட்டார், சம்மட்டியால் அடித்தார். எதற்கும் அசையவில்லை. பின்னால் மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் வைர வாளால் ஒரு சீவல் எடுத்தபோது இரும்பு மிகுந்த எச்5 வகை காண்ட்ரைட் என்று தெரிந்தது. தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டில் ஒன்று இது. கல் அவ்வளவு கெட்டியாக இருந்ததுதான் அதைக் காப்பாற்றியது. கார்பன் மிகுந்த வின்ச்கோம்ப் கல்லுக்கு இதில் பாதி நடந்திருந்தால் மிஞ்சியிருப்பது தூள்.

எப்போது இது சரி: புதிதாக விழுந்த கல், அல்லது முதல் இரண்டு வழிகளையும் தாண்டி நிற்கும் கல், அல்லது விற்பதென்று முடிவு செய்துவிட்ட கல். பெயரில்லாத கல்லை விவரம் தெரிந்தவர் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்.

## எதுவும் செய்யாமல் இருந்தால்?

பலர் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. அவசரமில்லாத, பழைய, சந்தேகத்துக்கிடமான கல்லுக்கு இது மோசமான தேர்வு இல்லை என்பது என் கருத்து. எட்மோர் கல் 30 ஆண்டு பொறுத்தது. ஈரம்தான் எதிரி. உலோகம் இருந்தால் உள்ளிருந்து துரு கிளம்பிக் கல்லையே வெடிக்க வைக்கும். எண்ணெய் தடவ வேண்டாம், பளபளப்புக்காக வார்னிஷ் பூச வேண்டாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட் ஒன்றோடு மூடிய டப்பாவில் போடுங்கள். எங்கே, என்றைக்கு எடுத்தது, எத்தனை கிராம், அடர்த்தி எவ்வளவு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். என் கசடும் அப்படி ஒரு டப்பாவில்தான் இருக்கிறது, சீட்டில் 3.2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "பொத்தல் உண்டு" என்று எழுதி.